நலவாழ்வுத் தகவலும் நூலகர் தொடர்கல்வியும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்னும் அச்சம் தமிழ்நாட்டில் இன்னும் முற்றும் அகன்றபாடில்லை. இவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. ஒரு காலத்தில் ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்ட மருந்தை வயிற்றுப் பகுதியில் நாள்தோறும் செலுத்துவதே வழக்கமாக இருந்தது. நம் குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் அம்மருந்தைச் செய்து வழங்கியதுண்டு. அதனால் விளையக்கூடிய தீங்குகள் உணரப்பட்டபின், 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது. இன்று உயிரணு வளர்ப்பு முறையில் செய்யப்படும் மருந்து மேற்கையில் செலுத்தப்படுகிறது. தோலினுள் செலுத்தும் முறையில், முதல் ஊசி போடும் நாள், அதன்பின் 3, 7, 28 ஆகிய நாள்கள் என நான்கு தவணைகளோடு அது முடிந்துவிடுகிறது. கடிபட்டவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவதே முதற்கடமை என்று மருத்துவர் வலியுறுத்துகின்றனர்.

இனி ஒரு நூலகத்தை எண்ணிப் பார்ப்போம். 1980-களில் அச்சான முதலுதவி நூலொன்று அதன் அடுக்கில் இருக்கிறது. அட்டை கிழியவில்லை, எழுத்தும் மங்கவில்லை. நாய்க்கடிபட்ட சிறுவனின் தமையன் அந்நூலை எடுத்துப் படிக்கிறான். 14 ஊசி என்று கண்டதும் அவன் நெஞ்சு நடுங்குகிறது. இன்று போவோம், நாளை போவோம் என்று நாள் கடத்துகிறான். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய மீட்சியே இல்லை என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. இங்கு நூல் பொய் சொல்லவில்லை. எழுதப்பட்ட காலத்தில் அது மெய்யே. காலம் நகர்ந்தது, நூல் நகரவில்லை. அதனை அடுக்கிலிருந்து அகற்றியிருக்க வேண்டியவர் யார்? அகற்ற வேண்டும் என்பதை அவருக்கு அறிவித்திருக்க வேண்டியவர் யார்?

இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை. நூலகப் பணியாளர்க்கு நலவாழ்வுத் தகவல் குறித்த தொடர்கல்வி வேண்டும். அதனை நம் கல்லூரிகளே முன்னின்று தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. நூலகர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆனால், மருத்துவம் பற்றிய நூலைக் கையில் எடுத்துக் கொடுப்பவர், தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

வினா வந்து சேரும் இடம்

மருத்துவமனையில் நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. வரிசை நீண்டிருக்கும், மருத்துவர் களைத்திருப்பார், கேட்க நினைத்தது நாவில் வராது. வீடு திரும்பிய பின்னரே வினாக்கள் ஒவ்வொன்றாக எழும். இம்மாத்திரையை உணவுக்கு முன் உண்பதா, பின் உண்பதா? இந்நோய் பிள்ளைக்கும் வருமா? இந்த அறுவை தவிர்க்கக் கூடியதா? இவ்வினாக்களைச் சுமந்து சிலர் அண்டை வீட்டாரிடம் செல்கின்றனர். பலர் கைப்பேசியிடம் செல்கின்றனர். சிலர் நூலகத்திற்கு வருகின்றனர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர்க்குக் குடும்பமே ஒரு பொறுப்பைத் தந்துவிடுகிறது. தாயின் இரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துச் சொல்லவேண்டியவரும் அவரே; தந்தையின் மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ள வேண்டியவரும் அவரே. பாடநூல் தேடி வருபவர் போலவே அவர் இதற்காகவும் நூலக மேசைமுன் வந்து நிற்கிறார்.

தமிழ்நாட்டில் நூலகம் ஒரு சலுகையன்று. 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டமாகும். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி மக்களே தம் நூலகங்களைத் தாங்கி வருகின்றனர். அச்சட்டத்திற்கு வழிகோலியவர்களுள் தலையாயவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதி விதி நூலகத்தை வளரும் உயிராகக் காண்கிறது. உயிர் வளரும்போது புதியதை ஏற்கிறது, பழையதைக் கழிக்கிறது. நூலகம் அவ்வாறு வளரவேண்டுமாயின், அதனை நடத்துவோர் அறிவும் உடன் வளரவேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

நூலக வாயிலில் மொழி ஒரு தனி இடரை உண்டாக்குகிறது. வருபவர் சர்க்கரை என்கிறார்; நூலின் முகப்பில் நீரிழிவு என்று இருக்கிறது; மருத்துவர் சீட்டில் டயாபடீஸ் என்று எழுதியிருக்கிறார். கொதிப்பு என்று கேட்பவர்க்கு உயர் இரத்த அழுத்தம் என்ற தலைப்பிலுள்ள நூலே வேண்டும். காக்காய் வலிப்பு என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்க்கு அது மூளையின் மின்னியக்கம் சார்ந்த நோய் என்று விளக்கும் நூல் வேண்டும். பேச்சுத் தமிழ், நூல் தமிழ், ஆங்கில வழக்கு என்னும் இம்மூன்று கரைகளுக்கிடையே பாலமாக நிற்க வேண்டியவர் நூலகப் பணியாளர். இப்பாலத்தை அமைப்பதில் மருத்துவத் துறையைவிடத் தமிழ்த்துறைக்கே பொறுப்பு மிகுதி. இப்பொருளைத் தமிழ்த்துறை மலரில் எழுதத் துணிந்ததற்கும் இதுவே காரணம்.

மரபு காட்டும் வழி

வாசிப்பை முதற் கட்டளையாகப் பெற்ற சமூகம் நம்முடையது. மருத்துவ அறிவைத் தேடித் திரட்டியதிலும், திரட்டியதைத் திருத்தியதிலும், திருத்தியதை மக்களிடம் சேர்த்ததிலும் அச்சமூகத்தின் பழைய வரலாறு நமக்குப் பாடமாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் கிறித்தவர், முஸ்லிம் ஆட்சியாளரின் ஆதரவில் கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைச் சிரியாக், அரபு மொழிகளில் பெயர்த்தவர். ஒரு நூலின் மூலப் படியைத் தேடி மெசப்பொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்து, இறுதியில் திமிஷ்கு நகரில் அதன் பாதியளவே கிடைக்கப்பெற்றதை அவரே பதிவு செய்துள்ளார். அதனினும் நம் நெஞ்சைத் தொடுவது மற்றொரு செய்தி. ஏறத்தாழ 20 வயதில், பிழை மலிந்த ஒரே படியைக் கொண்டு அவர் கேலனின் நூலொன்றைப் பெயர்த்தார். 40 வயதை எட்டியபோது அந்நூலின் பல படிகள் அவரிடம் சேர்ந்திருந்தன. மாணவர் வேண்டிக்கொள்ள, அப்படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மூலத்தைச் செம்மை செய்து, தம் இளமைக்கால மொழிபெயர்ப்பைத் தாமே திருத்தி அமைத்தார். தொடர்கல்வி என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ!

திமிஷ்கில் 1154-ஆம் ஆண்டளவில் சுல்தான் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையும் ஈண்டு நினைக்கத் தக்கது. அம்மருத்துவமனைக்கு அவர் மருத்துவ நூல்களை வக்ஃபாக அளித்தார். அபுல் மஜ்து இப்னு அபில் ஹகம் என்னும் மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிட்டபின் மண்டபத்தில் வந்து அமர்வார். மருத்துவரும் மாணவரும் சூழ்ந்திருக்க, அந்நூல்களை முன்வைத்து 3 மணி நேரம் உரையாடல் நிகழும் என்று வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ குறிப்பிடுகிறார். நோயாளியின் கட்டிலும் நூல் வைத்த பேழையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. கற்றவரும் நாள்தோறும் கற்றனர்.

மருத்துவர் இல்லாத இடத்தில் எளியோர் என் செய்வர் என்று எண்ணியவர் அர்ராஸி. 925-ஆம் ஆண்டளவில் மறைந்த அப்பேரறிஞர், அருகில் மருத்துவர் வாய்க்காதவர்க்கென்றே ஒரு நூல் இயற்றினார். கேலனைப் போற்றிய அவரே, கேலனின் கூற்றுகளில் தமக்கு எழுந்த ஐயங்களைத் தொகுத்தும் ஒரு நூல் எழுதினார். மக்களுக்கு எளிமையாகச் சொல்லுதல், முன்னோர் கூறியதாயினும் ஆராய்ந்து ஏற்றல் என்னும் இவ்விரண்டும் நலவாழ்வுத் தகவலுக்கு இரு கண்கள்.

தமிழ் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்று மருத்துவத்தை நாற்கூறாகப் பகுக்கிறது. நாலாமவரை மற்ற மூவரோடு ஒரே நிரையில் வைத்தது எண்ணத் தக்கது. நம் காலத்தில் அத்துணையின் ஒரு பகுதி தகவல் துணையாகும். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ஆங்கில மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உடலைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார்.

மாறும் மருத்துவம்

இலக்கணமோ வரலாறோ மாறும் விரைவு வேறு. மருத்துவம் மாறும் விரைவு வேறு. வயிற்றுப்போக்கிற்கு வழங்கும் உப்புக் கரைசலைக் காண்போம். அதன் சேர்மானத்தை உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் மாற்றின. ஒரு லிட்டரில் சோடியம் 90 மில்லிமோலிலிருந்து 75 ஆகவும், குளுக்கோஸ் 111-இலிருந்து 75 ஆகவும் குறைக்கப்பட்டன. குழந்தையை எவ்வாறு கிடத்துவது என்பதிலும் மாற்றம் நேர்ந்தது. குப்புறக் கிடத்தலே நன்று என்று மேலைநாட்டு நூல்கள் பல ஒரு காலத்தில் கூறின. திடீர் மரணங்களை ஆராய்ந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992-இல் அக்கருத்தை மாற்றியது. மல்லாந்து கிடத்தி உறங்கவைத்தலே இன்று ஏற்கப்பட்ட முறை. பாம்பு கடித்த இடத்தைக் கீறி உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியன பழைய முதலுதவி நூல்களில் காணப்படும். இன்றைய நெறிமுறைகள் அவற்றைச் செய்யலாகாது என்கின்றன. ஒருமுறை பெற்ற நூலகவியல் பட்டம் இத்தகைய மாற்றங்களை எவ்வாறு அறிவிக்க முடியும்?

அறிவு மாறுவதோடு வதந்தியும் பெருகுகிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியே பரவிய பொய்ச் செய்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றோடு தகவல் பெருந்தொற்றும் சேர்ந்து வந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரித்தது. பொய் மருந்துகள் அப்போது ஊரெங்கும் உலவின. அதனினும் கொடிதாக, நோயை ஒரு சமூகத்தின் தோளில் சுமத்திய பொய்களும் உலவின. அவற்றால் ஏற்பட்ட காயத்தை நம் சமூகம் நன்கறியும். பொய்த் தகவலால் புண்பட்டவர்கள், மெய்த் தகவலைப் பரப்பும் பணியில் பின்தங்கலாகாது.

இதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் போலியோச் சொட்டு மருந்தைப் பற்றி முஸ்லிம் மக்கள் சிலரிடையே ஐயம் எழுந்தபோது, உலமாப் பெருமக்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா ஆகிய கல்வி நிறுவனங்களும் அதனைப் போக்கத் துணைநின்றன. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. நம்பிக்கைக்குரியவர் வாயிலிருந்து வரும் செய்தியையே மக்கள் ஏற்கின்றனர் என்பதற்கு இது சான்று. நூலகர் அத்தகைய நம்பிக்கைக்கு உரியவர். அந்நம்பிக்கை வீண்போகாதிருக்கப் பயிற்சி வேண்டும்.

பயிற்சியில் அமைய வேண்டுவன

அமெரிக்காவில் 1898-இல் தோன்றிய மருத்துவ நூலகச் சங்கம் இத்துறையில் வழிகாட்டியாக உள்ளது. பொதுமக்களுக்கு நலவாழ்வுத் தகவல் வழங்கும் பணியில் தேர்ச்சி பெற விரும்புவோர்க்கு அது ஒரு சான்றிதழ்த் திட்டத்தை ஏற்படுத்தியது. முதற்படிக்கு 12 மணி நேரப் பயிற்சி. சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் மீண்டும் கற்றுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பொது நூலகப் பணியாளரும் அதில் சேரலாம். அங்குள்ள தேசிய மருத்துவ நூலகம் 1998-இல் மெட்லைன்பிளஸ் என்னும் தகவல் தளத்தை எளிய நடையில் பொதுமக்களுக்கெனத் தொடங்கியது. அத்திட்டத்தை அப்படியே பெயர்த்து நடுதல் நம் மண்ணுக்குப் பொருந்தாது. ஆயினும், சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு என்னும் கருத்து நாம் கொள்ளத் தக்கது. நம் நூலகர்க்கான பயிற்சியில் ஐந்து கூறுகள் அமைய வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலாவது, கேட்டறிதல். மார்பில் கட்டியொன்றைக் கண்டு கலங்கிய பெண், பெண்கள் நலம் பற்றி ஏதேனும் நூல் உண்டா என்றுதான் கேட்பார். யாருக்கு, என்ன நோய் என்று உரத்த குரலில் வினவினால் அவர் திரும்பிப் போய்விடுவார். எதைப் பற்றி அறிய விரும்புகிறீர்கள், எளிய நூலா, விரிவான நூலா என்று தணிந்த குரலில் கேட்பது ஒரு கலை. அது பழகினால் அன்றி வாராது.

இரண்டாவது, தேர்ந்தறிதல். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எச்சான்றை வைத்து எழுதினார்? இதனால் பயன் பெறுபவர் யார்? இந்நான்கு வினாக்களை ஒவ்வொரு நூலிடமும் துண்டறிக்கையிடமும் கேட்டுப் பழக வேண்டும். சில நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. நீரிழிவும் புற்றுநோயும் அப்பட்டியலில் அடங்கும். இதனை அறிந்த நூலகர், நீரிழிவை முற்றிலும் ஒழிப்பதாகக் கூறும் துண்டறிக்கையைத் தம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட இசையார். மருத்துவ நூல்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். சித்த, யூனானி மருத்துவப் பழஞ்சுவடிகளைக் கழித்துவிட வேண்டும் என்பது இதற்குப் பொருளன்று. அவை நம் செல்வம். ஆராய்ச்சிப் பகுதியில் போற்றி வைக்கத் தக்கவை. கழிக்க வேண்டியது, காலம் கடந்த பின்னும் இன்றைய அறிவுரை போல் நின்று கொண்டிருக்கும் நூலையே.

மூன்றாவது, எல்லை காத்தல். நீரிழிவுள்ள பெரியவர் ஒருவர் ரமளான் நெருங்கும் வேளையில் நோன்பு பற்றிய நூல் கேட்கிறார் என்று கொள்வோம். உலக நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவு–ரமளான் பன்னாட்டுக் கூட்டணியும் இணைந்து இதற்கென 2016-இல் நெறிமுறை வெளியிட்டு, 2021-இல் அதனைப் புதுப்பித்துள்ளன. நோன்பிற்கு முன்பே மருத்துவரைக் கண்டு இடர் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை முறித்துக்கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. விரல் நுனியில் குருதி எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதையும் அது தெளிவுபடுத்துகிறது. நூலகர் செய்ய வேண்டியது இத்தகவலை எளிய தமிழில் எடுத்துக் கொடுப்பதே. நோன்பு நோற்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல அவர்க்கு உரிமையில்லை. உடல்நிலை பற்றிய முடிவு மருத்துவர்க்குரியது. மார்க்கச் சலுகை பற்றிய விளக்கம் ஆலிம்களுக்குரியது. தகவல் தருவதற்கும் அறிவுரை தருவதற்கும் இடையிலுள்ள கோட்டை உணர்வதே இப்பயிற்சியின் உயிர்நிலை.

நான்காவது, மறை காத்தல். வலிப்பு நோய் பற்றிய நூலை ஒரு பெண் எடுத்துச் சென்றாள் என்பது வெளியே கசிந்தால், அவள் திருமணப் பேச்சே முறிந்துபோகக் கூடிய சமூகத்தில் நாம் வாழ்கிறோம். அவள் தன் தோழிக்காகவும் எடுத்திருக்கலாம்; தேர்வுக்காகவும் எடுத்திருக்கலாம். இரவல் பதிவேட்டைப் பிறர் புரட்டிப் பார்க்க இடங்கொடுத்தல் நம்பிக்கைக் கேடாகும். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பது அமானிதம் என்றால், ஒப்படைக்கப்பட்ட செய்தியைக் காப்பதும் அமானிதமே.

ஐந்தாவது, ஆற்றுப்படுத்துதல். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டும் ஆற்றுப்படை நம் இலக்கியத்தின் தனிச்சிறப்பு. வள்ளல் இருக்கும் ஊரையும் வழியில் எதிர்ப்படுவனவற்றையும் அறிந்தவனே அங்கு ஆற்றுப்படுத்துவான். நூலகரும் அவ்வாறே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பிரிவுகளையும், 104 என்னும் நலவாழ்வு உதவி எண்ணையும், 108 ஊர்தியையும், மனநலத் துணைக்கான 14416 என்னும் எண்ணையும் அறிந்திருக்க வேண்டும். தேர்வில் தோற்றோ, வீட்டில் மனம் நொந்தோ, வாழ்வில் வெறுப்புற்ற மாணவர் ஒருவர் நூலகத்தின் மூலையில் வாடியிருக்கக் கூடும். அவர் கேட்கும் நூலின் பெயரிலிருந்தே அவர் மனநிலையை உணரும் வாய்ப்பு நூலகர்க்கு உண்டு. அவ்வேளையில் யாரிடம் அழைத்துச் செல்வது என்று தெரிந்திருத்தல் ஓர் உயிரைக் காக்கும்.

தடை கூறுவோர்க்கு

நூலகர்க்கு மருத்துவம் கற்பித்தால் அவர் அரைகுறை மருத்துவராகிவிடுவாரே என்று சிலர் அஞ்சலாம். அச்சம் நியாயமானதே. ஆனால், நல்ல எண்ணத்தோடு தமக்குத் தெரிந்த கைவைத்தியத்தைச் சொல்லிவிடுபவர் பயிற்சி இல்லாதவரே. தமக்கு உரியது எது, உரியதன்று எது என்று பயின்றவர் நாவை அடக்குவார்.

கைப்பேசியில் அனைத்தும் கிடைக்கும்போது நூலகர் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். அனைத்தும் கிடைக்கிறது என்பதே இன்றைய இடர். நெல்லும் பதரும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. முறம் பிடிக்கத் தெரிந்தவர் தேவை. கணினி எழுதித் தரும் விடைகள் பெருகிவிட்ட இந்நாளில், அவ்விடை எந்நூலிலிருந்து வந்தது, எந்நாளைய செய்தி என்று சரிபார்க்கக் கற்பிப்பவரின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

பணியாளர் குறைவு, ஊதியம் குறைவு, இதில் புதிய சுமையா என்று நூலகப் பணியாளரே கேட்கலாம். இது விடையிறுக்க வேண்டிய வினா. விடையிறுக்க வேண்டியவர்கள் நிருவாகத்தினர். பயிற்சிக்குச் செல்லும் நாளைப் பணிநாளாகக் கொள்ளாமலும், கட்டணத்தை ஏற்காமலும், பெற்ற சான்றைப் பணிப்பதிவில் சேர்க்காமலும் தொடர்கல்வியை வலியுறுத்துவது அறமாகாது. நூல் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்வரை இவ்வாய்ப்புச் சேரவேண்டும். ஏனெனில், பல வேளைகளில் மாணவர் முதலில் கேட்பது அவரிடமே.

செய்யத் தக்கன

1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னைப் புதுக்கல்லூரி எனத் தமிழக முஸ்லிம்கள் நிறுவிய கல்லூரிகள் பல உள்ளன. இவற்றின் நூலகப் பணியாளர் ஆண்டுக்கு இருமுறை, முறைவைத்து ஒரு கல்லூரியில் கூடி இரண்டு நாள் பயிலலாம். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் நூலகரும் அரசு மருத்துவரும் பாடம் நடத்தலாம். ஊர்ப்புற நூலகரையும் மதரசா நூலகப் பொறுப்பாளரையும் உடன் அழைத்தல் நன்று. நோயும் தகவலும் கல்லூரி மதிலோடு நின்றுவிடுவதில்லை.

இதில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு. மக்கள் வழங்கும் நோய்ப் பெயர்கள், அவற்றிற்குரிய நூல்வழக்கு, மருத்துவர் எழுதும் சொல் ஆகிய மூன்றையும் நிரைப்படுத்திய சிறு அகராதியொன்றை மாணவரைக் கொண்டே தொகுக்கலாம். கடலோரத்து வழக்கும் மலையோரத்து வழக்கும் வேறுபடும். நம் இல்லங்களில் வழங்கும் அரபுச் சொற்களும் உருதுச் சொற்களும் வேறு. களத்தில் இறங்கித் தொகுக்கும் மாணவர்க்கு இது மொழியாராய்ச்சி, நூலகர்க்குப் பணிக்கருவி, நோயுற்றவர்க்கு ஆறுதல்.

சமூகப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். பள்ளிவாசலுக்கு விளக்கும் விரிப்பும் அளிக்கிறீர்கள். கல்லூரிக்குக் கட்டடம் அளிக்கிறீர்கள். நூருத்தீன் மருத்துவ நூல்களை வக்ஃபு செய்தது போல, கல்லூரி நூலகத்தில் ஒரு நலவாழ்வு அடுக்கையும், அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவையும், அதனைக் காக்கும் பணியாளரின் பயிற்சிச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டடத்தில் பொறிக்கும் பெயரைப்போல அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால், ஒரு தாய் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் துணியும்போதும், நோன்பு நோற்கும் முதியவர் மயங்கி விழாமல் காக்கப்படும்போதும் அத்தருமம் தொடர்ந்து பயன் தரும்.

மாணவச் செல்வங்கள் இன்றே செய்யக்கூடிய பணியும் ஒன்றுண்டு. நம் நூலகத்தில் மருத்துவ அடுக்கின்முன் சென்று நில்லுங்கள். ஒவ்வொரு நூலின் பதிப்பாண்டையும் குறித்து, அப்பட்டியலை நூலகரிடம் பணிவோடு கொடுங்கள். எவற்றை வைப்பது, எவற்றை மாற்றுவது என்பதை மருத்துவரோடு கலந்து அவர் முடிவு செய்யட்டும். தொடர்கல்வி அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.